பட்டினிப் பாத்திக்கு ஊற்றிய தண்ணீர்

யேசுராஜிடம் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பண்ணையில் கள உதவியாளர் என்று சொல்லமாட்டார். "தண்ணி விடறவன்" என்பார். சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை வரும்.

இளவயதில் அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்பு ஆலையில் ஆறு வருடம் ஒப்பந்தக் கூலியாக உலைக்கு முன்னால் நின்றவர். சூடு உடம்புக்கு ஆகவில்லை. கண் எரிச்சலும் வயிற்றுப் புண்ணும் வந்ததுதான் மிச்சம். அதை விட்டுவிட்டு ஒரு ரோஜாப் பண்ணையில் சொட்டுநீர்க் குழாய் பார்க்கப் போனார். போன ஒரு மாதத்திலேயே தன் கைக்கு வாய்த்த வேலை இதுதான் என்று தெரிந்துவிட்டது. குழாயில் காதை வைத்து எந்த வரிசையில் அடைப்பு என்று சொல்லிவிடுவார். மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் தாங்கும், இல்லை சாயங்காலமே விடவேண்டும் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாடிய செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மட்டும் அவரால் முடியாது. மத்திகிரியில் அவர் குடியிருந்த வாடகை வீட்டு வரிசையில் யாராவது ஊருக்குப் போனால், அவர்கள் வாசல் தொட்டிச் செடிக்கும் இவர்தான் ஊற்றுவார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மத்திகிரியைத் தாண்டி, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே, ஒரு பால் வியாபாரக் குடும்பத்தின் அறக்கட்டளை பதினோரு ஏக்கரில் தீவனப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை நடத்திவந்தது. நாற்பத்து மூன்று வயதில் யேசுராஜ் அங்கே சேர்ந்தார். அடுத்த வருடம் ஜோதிமணி வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். முப்பது வயது கூட ஆகவில்லை, அதற்குள் பயிர்ப்பெருக்கத்தில் முனைவர் பட்டம். வந்த முதல் நாளே, தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த யேசுராஜை "அண்ணே" என்று கூப்பிட்டார். அலுவலகத்தில் மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஜோதிமணி கொண்டுவந்தது ஒரு சின்னச் செடி. குளோவர் என்று பெயர். மூன்று இலை, வெள்ளைப் பூ, தரையோடு படர்ந்து போகும். மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும். ஊட்டி மலையில் தானாகவே கிடக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் விதைத்தால் விரல் நகம் அளவுக்கு இலை விட்டு அப்படியே நின்றுவிடும்.

"மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், இல்லாம இல்லண்ணே," என்று ஒரு நாள் பாத்தி ஓரத்தில் குந்தியபடி யேசுராஜுக்கு விளக்கினார் ஜோதிமணி. "இருக்கு. ஆனா செம்மண்ணுல இருக்கிற இரும்பு அதைக் கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கு. செடிக்கு விட்டுக்குடுக்காது. நாம சூப்பர் பாஸ்பேட் போட்டா அதையும் புடிச்சுக்கும். ஒவ்வொரு வருஷமும் மூட்டை மூட்டையா வாங்கிப் போட இங்க இருக்கிற ஆளுகளுக்கு முடியுமா? அதான், அந்த மண்ணுகிட்ட இருந்து பிடுங்கித் திங்கத் தெரிஞ்ச செடியா ஒண்ண உண்டாக்கணும்."

"அப்பிடி ஒரு செடி வருங்களா மேடம்?"

"ஆயிரத்துல ஒண்ணு இருக்கும்ணே. நாம தேடணும்."

தேடுவதற்காகத்தான் அந்த அறுபது பாத்திகள். ஊட்டிச் செடியையும் வெளிநாட்டு விதைகளையும் கலப்புச் செய்து, பிறந்த பிள்ளைகளை எல்லாம் மணிச்சத்தே போடாத மண்ணில் நட்டார்கள். கலப்பு வேலை பண்ணையில் வேலை பார்த்த மாரம்மாவுடையது. வலைக்கூண்டுக்குள் உட்கார்ந்து, கடுகு அளவுப் பூவைப் பிரித்து, நுண்ணிய இடுக்கியால் மகரந்தப் பையை எடுத்துவிட்டு, மடித்த அட்டைத் துண்டின் முனையால் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவுவாள். அவள்தான் அந்த அறுபதுக்கும் பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்தவள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, ஜோதிமணியின் குறிப்பேட்டில்கூட.

பட்டினிப் பாத்திகளைப் பார்ப்பது யேசுராஜுக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் அளந்து விடலாம், ஆனால் ஒரு பிடி எருகூடக் கூடாது. இலைகள் கறுத்துப்போய், காம்பு ஊதா நிறம் ஏறி, செடிகள் வளரமாட்டேன் என்று அடம்பிடித்தன. பட்டினியில் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் காலையில் அந்தப் பக்கம் போகும்போது மனசு ஒருமாதிரியாக இருக்கும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 2017-ம் வருடக் கோடையில்தான் அது நடந்தது.

அதற்கு முந்தைய வருடம் மழை இரண்டு பருவமும் ஏமாற்றிவிட்டது. ஏப்ரல் மாதம் ஜோதிமணியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை என்று மதுரையிலிருந்து செய்தி வந்தது. கிளம்பும் அன்று காலை அவர் பாத்திகளை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"அண்ணே, போர்த் தண்ணி, இல்லன்னா மழைத்தொட்டித் தண்ணி. வேற எந்தத் தண்ணியும் பட்டினிப் பாத்திக்குப் போகக்கூடாது. வெளித் தண்ணில என்ன கலந்திருக்கும்னு நமக்குத் தெரியாது."

"சரிங்க மேடம்."

"காஞ்சா காயட்டும். புரியுதா? காஞ்சாலும் பரவாயில்ல."

"சரிங்க."

அவர் போன நாலாம் நாள் ஆழ்துளைக் கிணறு சேறு கக்கியது. ஆறாம் நாள் அதுவும் இல்லை. மழைத்தொட்டியில் அடியில் கிடந்த தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு மூன்று நாள் ஓட்டினார் யேசுராஜ். பத்தாம் நாள் காலையில் முதல் வரிசைச் செடிகள் தரையோடு படுத்துக் கிடந்தன.

அவர் ஜோதிமணிக்குப் போன் செய்தார். அது உண்மை. பின்னால் எத்தனையோ தடவை தனக்குத் தானே இதைச் சொல்லிக்கொண்டார்: நான் போன் பண்ணினேன். ஆனால் எடுத்ததும் மறுமுனையில் ஆஸ்பத்திரி இரைச்சல். "அண்ணே, அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. மறுபடி உள்ள கொண்டுபோயிருக்காங்க. என்ன விஷயம், வெரசாச் சொல்லுங்க," என்றார் ஜோதிமணி. குரல் அழுகையில் உடைந்திருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க மேடம். அம்மா எப்பிடி இருக்காங்கன்னு கேக்கத்தான்."

அன்று மத்தியானம் நேப்பியர் தீவனப் புல்லுக்காகப் பண்ணை மேலாளர் சொல்லிவைத்திருந்த டேங்கர் வந்தது. கெலவரப்பள்ளி அணை வாய்க்காலில் நிரப்பிய தண்ணீர். பெங்களூர்ச் சாக்கடையைச் சுமந்து வருகிற தென்பெண்ணைத் தண்ணீர் அது. அணையில் மதகு திறந்தால் பாலம் மூடுகிற அளவுக்கு நுரை பொங்குவதை ஓசூரில் பார்க்காதவர்கள் கிடையாது. டேங்கரின் மேல்வாயைத் திறந்தபோது அதிலும் ஒரு சாண் நுரை நின்றது. துணி துவைத்த வாசனை. யேசுராஜ் கையாலேயே அந்த நுரையை வழித்துக் கீழே உதறினார். நுரைதானே அழுக்கு, கீழே இருப்பது தண்ணீர்தானே என்று நினைத்தார். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

குழாயைப் பட்டினிப் பாத்திப் பக்கம் இழுத்தபோது மாரம்மா வலைக்கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணா, மேடம் வேணான்னு சொல்லிட்டுப் போச்சே?"

"கேட்டுட்டேன் மாரம்மா. போன்ல பேசினேன். சரின்னுட்டாங்க."

முதல் பொய் அதுதான். எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

டேங்கர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பதினெட்டு நாளோ இருபது நாளோ அவர் அந்தத் தண்ணீரையே ஊற்றினார். நேப்பியருக்குப் போனது போக மிஞ்சியதுதான் என்பதால், மேட்டு ஓரத்தில் இருந்த கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த வரிசைக்கு மட்டும் அவர் வீட்டிலிருந்து இரண்டு கேனில் குடிதண்ணீர் பிடித்துவந்து, செடிக்கு ஒரு டம்ளர் என்று விட்டார். மற்ற செடிகள் நான்கைந்து நாளில் தலை தூக்கின. பத்து நாளில் கறுப்பு மாறிப் பச்சை வந்தது. பட்டினிப் பாத்தியில் அவர் அதுவரை பார்க்காத பச்சை.

மே மாதம் இரண்டாவது வாரம் நல்ல மழை பிடித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஜோதிமணி திரும்பி வந்தார். அம்மா பிழைத்துவிட்டிருந்தார். பையைக்கூட அறையில் வைக்காமல் நேராகப் பாத்திக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே... இம்புட்டு வெயில்லயும் நிக்குதே! இலையைப் பாருங்க, எவ்வளவு பெருசு!" செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்குள் ஓடினார். "போர்த் தண்ணி பத்துச்சாண்ணே?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று யேசுராஜுக்குத் தெரிந்தது. அம்மாவைச் சாவிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பெண், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கலைப்பது? இன்னொன்றும் உண்டு. அவரை நிரந்தர வேலையில் எடுக்கச் சொல்லி ஜோதிமணிதான் அறக்கட்டளைக்கு எழுதியிருந்தார். பதில் இன்னும் வரவில்லை.

"பத்துச்சுங்க மேடம்."

அந்த மழைக்காலத்தில் தேர்வு நடந்தது. ஜோதிமணி ஒவ்வொரு பாத்தியிலும் இலையை அறுத்து எடை போட்டார். பதினேழாம் பாத்திச் செடி எல்லாவற்றையும் மிஞ்சியது. கடைசி வரிசை எடையில் அடியில் கிடந்தது. அவற்றைப் பிடுங்கிப்போடச் சொல்லிப் பட்டியல் கொடுத்தார். யேசுராஜ் கடப்பாரையும் மாரம்மா கூடையுமாகப் போனார்கள்.

"இதைப் பாருண்ணா," என்று மாரம்மா ஒரு செடியைத் தூக்கிக் காட்டினாள். மேலே நாலு இலைதான் இருந்தது. கீழே வேர் முழம் நீளத்துக்குத் தொங்கியது, பஞ்சு மாதிரி மயிர் விட்டு. "மேல ஒண்ணுமில்ல, கீழ எவ்ளோ வச்சிருக்குது பாரு. மேடம்கிட்ட காட்டலாமா?"

காட்டியிருக்கலாம். காட்டினால் இந்த வரிசை மட்டும் ஏன் வேறு மாதிரி என்று பேச்சு வரும். "லிஸ்ட்ல இருக்குது, போடு," என்றார் யேசுராஜ். அது எருக்குழிக்குப் போனது.

தண்ணீரில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவந்தது அடுத்த தை மாதம். மண் பரிசோதனை அறிக்கை வந்திருந்தது. ஜோதிமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தேடி மோட்டார் அறைக்கே வந்தார்.

"அண்ணே, பட்டினிப் பாத்தியில மணிச்சத்து ஏறியிருக்கு. யாராச்சும் உரம் கிரம் போட்டாங்களா?"

"இல்லீங்க மேடம். சத்தியமா யாரும் உரம் போடல."

"சோப்புத் தண்ணி, சாக்கடைத் தண்ணி மாதிரி ஏதாச்சும்? அதுல இருந்தாலும் மணிச்சத்து ஏறும்."

யேசுராஜுக்குக் கையில் அந்த நுரையின் வழவழப்பு மறுபடி தெரிந்த மாதிரி இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

ஜோதிமணி காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல அவர் முகம் மாறியது. "அப்ப... செடியே விடுவிச்சிருக்குதோ? வேர்ல இருந்து அமிலம் கசியவிட்டு, இரும்பு புடிச்சு வச்சிருந்ததை எடுத்து, மிச்சத்தை மண்ணுல விட்டிருக்குதோ? அண்ணே, அப்படின்னா நான் நெனச்சது சரிதான்ணே!" சந்தோஷத்தில் அவர் குரல் கிறீச்சிட்டது.

அன்று சாயங்காலம் யேசுராஜ் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். வேலையிடத்தில் ஒரு பொய் சொன்னேன் சாமி என்றார். பங்குச்சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னார். மனசு ஆறவில்லை. முழுதாக எங்கே சொன்னோம் என்று அவருக்கே தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பதினேழாம் செடியைப் பெருக்கினார்கள். அதே பாத்திகளில் இன்னும் இரண்டு வருடம் சோதித்தார்கள். அந்த மண்ணில் அது நன்றாகவே வந்தது, ஏன் வராது? ஜோதிமணி கட்டுரை எழுதினார், மாநாட்டில் பேசினார். யேசுராஜின் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் மனைவி எஸ்லினிடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மின்னணு உதிரிபாகக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எஸ்லின், "சந்தோஷப்பட வேண்டிய நாள்ல காய்ச்சலா உங்களுக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

2021-ல் தளி, அஞ்செட்டிப் பக்கம் நாற்பது விவசாயிகளுக்கு விதை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் திம்மப்பன். தளியைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். இரண்டு கறவை மாடு, அரை ஏக்கர் செம்மண். வருடா வருடம் ராகியும் கொள்ளும் போடுகிற நிலத்தில் அந்த வருடம் முழுக்கக் குளோவரை விதைத்தார்.

"எரு வேணாம், உரம் வேணாம், மண்ணுல இருக்கிறதே போதும்" என்று அவரிடம் சொன்னது யேசுராஜ்தான். ஜோதிமணி சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லும்போது திம்மப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவருடம் பொங்கல் கழிந்து ஜோதிமணியும் யேசுராஜும் ஜீப்பில் போய்ப் பார்த்தார்கள். ஏற்கெனவே பதினோரு ஊரில் பார்த்தாகிவிட்டது, எல்லா இடத்திலும் ஒரே காட்சி. திம்மப்பனின் நிலத்திலும் அதேதான். நகம் அளவு இலை, கறுத்த பச்சை, ஊதாக் காம்பு. அரை ஏக்கரும் சொறி பிடித்த மாதிரி கிடந்தது. தொழுவத்தில் ஒரு மாடுதான் நின்றது.

"இன்னொண்ண வித்துட்டேன் மேடமு. மாட்டுக்கு மேவு இல்ல, தீனி இல்ல, ஏனு மாடோது, என்ன பண்றது," என்றார் திம்மப்பன். அவர் கோபப்படவில்லை. விருந்தாளிகளுக்குச் சோறு போட முடியாத ஆள் மாதிரி கூச்சப்பட்டார். "எங்க மண்ணு சரியில்ல மேடமு. உங்க செடி மேல தப்பில்ல."

ஜோதிமணி ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வரும்போது தளி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ சொன்னார்கள். ஆறும்வரை யாரும் குடிக்கவில்லை.

"நான் நெனச்சதே தப்புண்ணே," என்றார் ஜோதிமணி. "அப்படி ஒரு செடி கெடையாது. மூணு வருஷம் பாத்தியில வந்தது எப்படின்னு தெரியல. ஆனா என் கணக்கு தப்பு. அந்த ஆளு மாட்டை வித்துட்டு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு பாருங்க."

யேசுராஜ் வாயைத் திறந்தார். "மேடம்..."

"சொல்லுங்கண்ணே."

"டீ ஆறிப்போச்சுங்க."

அறக்கட்டளை திட்டத்தை நிறுத்தியது. அடுத்த வருடம் பண்ணையையே மூடி, நிலத்தைக் கிடங்கு கட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. பட்டினிப் பாத்திகள் இருந்த இடத்தில் கான்கிரீட் போட்டு, கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற முற்றம் ஆக்கினார்கள். மாரம்மா ஒரு பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கப் போனாள். ஜோதிமணி நாமக்கல் பக்கம் ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். போகும்போது யேசுராஜுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைக் கட்டவில்லை.

யேசுராஜுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை கிடைத்தது. புல்தரை, அரளி, பாக்ஸ் மாதிரி வெட்டிவிடுகிற வேலிச் செடி. கழிவறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊதாக் குழாயில் விடுவார்கள், அதைத்தான் செடிக்கு ஊற்ற வேண்டும். ஒரு நாள் சுத்திகரிப்பு நிலையத்து ஆள் புல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நம்ம தண்ணிக்கு உரமே வேணாம் அண்ணா. சோப்பு, சாப்பாடு எல்லாம் அதுல இருக்குது. பாருங்க எப்பிடி வந்திருக்குதுன்னு!"

அவருக்குத் தெரியாததை அவன் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் அதைச் சிரித்துக்கொண்டு, சத்தமாக, பகலில் சொல்லக் கேட்டபோது, யேசுராஜால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. குழாயை அடைத்துவிட்டு அரைநாள் விடுப்பு சொல்லி வீட்டுக்கு வந்தார். எஸ்லின் அன்று வீட்டில் இருந்தாள். ஏழு வருடத்துக் கதையை முதல் தடவையாக முழுதாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் எஸ்லின், "எங்கிட்டகூடச் சொல்லல," என்றாள். பிறகு, "சாமியார்கிட்ட சொல்லி என்ன ஆவுது? இன்னாத்துக்கு என்கிட்ட சொல்லிகினு இருக்கீங்க? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து, சேலத்தில் மாறி, அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஜோதிமணி கண்ணாடி போட்டிருந்தார், முன்தலையில் நரை. யேசுராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார். "அண்ணே! சொல்லாம கொள்ளாம வந்து நிக்குறீங்க! உக்காருங்க, உக்காருங்க." எஸ்லினைப் பற்றிக் கேட்டார். தன்னைப் பற்றியும் சொன்னார். "நம்ம குளோவரைத்தான் ஒவ்வொரு வருஷமும் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறேன். ஆசைப்பட்டு ஒண்ண நம்பினா கண்ணு எப்படி மறைக்கும்ங்கிறதுக்கு உதாரணமா. என்னையே உதாரணம் காட்டினா பசங்க நல்லாக் கேக்குறாங்க."

அதற்குமேல் அவர் பேச விட்டால் தன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று யேசுராஜ் எழுந்து நின்றார். நின்றுகொண்டே சொன்னார். கிணறு வற்றியது, போன் செய்தது, டேங்கர், நுரை, மாரம்மாவிடம் சொன்ன பொய், மண் அறிக்கை வந்த அன்று தலையாட்டியது.

ஜோதிமணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்?"

"சரியா ஞாபகம் இல்லீங்க மேடம். பதினெட்டு நாள்... இருபது இருக்கலாம்."

"பாத்திக்கு எவ்வளவு?"

"ஒரு வாளி, ஒண்ணரை வாளி. கடைசி வரிசைக்கு மட்டும் அந்தத் தண்ணி போவல. வீட்டுத் தண்ணி கொஞ்சம் ஊத்தினேன்."

ஜோதிமணி நிமிர்ந்தார். "கடைசி வரிசைக்குப் போகலையா?"

"போவலீங்க."

"அப்ப அந்த ஒரு வரிசைதான் நெசமாப் பட்டினி கெடந்திருக்கு. அது உசுரோட இருந்துச்சு. அதைத்தான் நான் பிடுங்கச் சொன்னேன்." அவர் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "எதையாச்சும் எடுத்து வச்சீங்களா? ஒரு கொடி? ஒரு விதை?"

"இல்லீங்க." வேர் நீளமாக இருந்ததையும் மாரம்மா காட்டச் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பின்னால் தோன்றியது. ஆனால் இனி எதையும் மறைப்பதில்லை என்று வந்திருந்தார்.

"அது நல்ல செடியா இருந்திருக்கலாம், இல்லாமயும் போயிருக்கலாம்," என்றார் ஜோதிமணி. "இனிமே தெரியாது." பிறகு, முதல் தடவையாக, குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை. நான் திரும்பி வந்த அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த வருஷத்தை மட்டும் அழிச்சுட்டு மறுபடி நட்டிருப்பேன். உங்களை நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே. எனக்கு அப்ப இருவத்தெட்டு வயசுதான்."

யேசுராஜ் கை கூப்பினார். ஜோதிமணி அதைப் பார்க்க விரும்பாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திம்மப்பன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லுங்க." வகுப்புக்கு மணி அடித்தது. நோட்டுகளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "கேன்டீன்ல சாப்பாடு இருக்கும். சாப்பிட்டுட்டுப் போங்க." அண்ணே என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜோதிமணியிடமிருந்து தபாலில் ஒரு காகிதம் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார், நடந்ததை யேசுராஜ் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூட ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. எஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்க, யேசுராஜ் எழுதினார். தேதி என்ற இடத்தில் "ஞாபகம் இல்லை" என்று எழுதும்போது பேனா நின்றது. வேறு வழியில்லாமல் அதையே எழுதி அனுப்பினார். ஜோதிமணியின் எண்ணிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு எதுவும் வரவில்லை. யேசுராஜும் அழைக்கவில்லை.

திம்மப்பனைத் தேடித் தளிக்குப் போனபோது அந்த அரை ஏக்கரில் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். திம்மப்பன் ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலையில் இருக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். அடுத்த வாரம் அங்கே போனார். நீலச் சட்டை, தொப்பி. ஆள் இன்னும் மெலிந்திருந்தார். யேசுராஜை அடையாளம் கண்டுகொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நிலத்தை ஏன் குடுத்துட்டீங்க?" என்று கேட்டார் யேசுராஜ், முதலில் அதைத்தான் கேட்க முடிந்தது.

"எந்த மண்ணுலயும் வர்ற செடியே நம்ம மண்ணுல வரல. அப்ப அது செத்த மண்ணுன்னுதானே அர்த்தம் அண்ணா? மகனும் வித்துடலாம்னான். எங்க அப்பா காலத்துல ராகி நல்லா வந்துச்சு. எப்ப செத்துச்சுன்னு எனக்கே தெரியல."

யேசுராஜ் சொன்னார். இந்தத் தடவை உட்கார்ந்தபடி, மெதுவாக, திம்மப்பனுக்குப் புரியும்படி. செடி பொய்யான செடி என்றும் அதைப் பொய்யாக்கியது தான்தான் என்றும் சொன்னார். திம்மப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. மாட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டின் இரும்புக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப," என்றார், "மண்ணு நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதான் இருந்துச்சு."

வெளியே ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. திம்மப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, வண்டி எண்ணை எழுதப் போனார்.